கைக்கு வந்து சேர்ந்த தபால்தலைத் தொகுப்பு: எதைப் பார்ப்பது, எப்படி மதிப்பிடுவது

பெரியப்பா காலமான பிறகு அவருடைய அலமாரியிலிருந்து ஏழு ஆல்பங்களும் ஒரு தகரப்பெட்டியும் என்னிடம் வந்தன. பெட்டி நிறையப் பழைய கடித உறைகள். இடத்தை அடைக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஸ்டாம்பை மட்டும் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்தேன். வெட்டிய உறைகளைக் குப்பையில் போட்டேன்; பதினோரு உறைகள் மட்டும் கத்தரிக்குத் தப்பின. சில மாதங்கள் கழித்து அவருடைய நோட்டு ஒன்றைப் படித்தபோதுதான் புரிந்தது: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தணிக்கையாகி வந்த கடிதங்களை அவர் இருபது ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்திருக்கிறார். எந்த ஊரில் பிரித்துப் படித்தார்கள், எந்த முத்திரை குத்தினார்கள், உறையின் ஓரத்தில் எந்தச் சீட்டை ஒட்டி மூடினார்கள் என்பதெல்லாம்தான் அவருக்கு முக்கியம். நான் காப்பாற்றி வைத்திருந்த ஸ்டாம்புகள் எங்கும் கிடைக்கிற சாதாரண ரகம்.

அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். அதன்பிறகு நண்பர்கள், உறவினர்கள் என்று பலருடைய ஆல்பங்களைப் பிரித்துப் பார்க்க உதவியிருக்கிறேன். பூச்சி அரித்துப் போனதைவிட, வாரிசுகள் முதல் சில வாரங்களில் நல்ல எண்ணத்தோடு செய்த வேலைகளால் போன மதிப்புதான் அதிகம்.

முதல் வாரம்: எதையும் பிரிக்காதீர்கள்

எதையும் கழற்றாதீர்கள், கழுவாதீர்கள், கத்தரிக்காதீர்கள், "ஒழுங்குபடுத்தாதீர்கள்". இரண்டு மூன்று ஸ்டாம்புகள் சேர்ந்திருந்தால் கிழித்துப் பிரிக்க வேண்டாம். ஜோடியாகவோ நான்காகவோ இருப்பதற்கே தனி மதிப்பு உண்டு. ஷீட்டின் ஓரக் காகிதத்தில் எண்ணோ எழுத்தோ அச்சாகியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். செலோ டேப், பசை, லேமினேஷன் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது.

பிறகு போட்டோ எடுங்கள். ஆல்பத்தின் முதுகு, அட்டை, ஒவ்வொரு பக்கம், பெட்டிக்குள் எது எதன்மேல் இருந்தது என்பது வரைக்கும். செல்போன் கேமரா போதும். நாளைக்கு யாராவது ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது எது இருந்தது எது இல்லை என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போகிற ஒரே சாட்சி இந்தப் படங்கள்தான்.

வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் ஆல்பங்களைப் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதன் பின்பசை பாரத்தில் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கனவே ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். மூடிய டப்பாவில், தண்ணீர் நேரடியாகப் படாமல், ஈரக்காற்றில் வைத்துப் பசையை இளக்கி எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் செய்தால் பசையின் ஒரு பகுதியையாவது காப்பாற்றலாம்.

ஸ்டாம்பைப் பார்க்கும் முன் சேர்த்தவரைப் பாருங்கள்

பலரும் தாண்டிவிடுகிற படி இது. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

சேர்த்தவர் உங்களைவிட அந்தத் தொகுப்பை நன்றாக அறிந்தவர். அவர் விட்டுச்சென்ற ரசீதுகள், ஏலப் பட்டியல்கள், சங்கச் சந்தாச் சீட்டுகள், கடிதங்கள், ஆல்பப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் எழுதிய சிறிய எண்கள் எல்லாமே தகவல். அந்த எண்கள் பெரும்பாலும் கேட்டலாக் எண்கள், அதாவது ஸ்டாம்புகளை வரிசைப்படுத்தி விலையோடு பட்டியலிடும் புத்தகத்தில் உள்ள எண்கள். ஒரு ஸ்டாம்புக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி இருந்தால், அவருக்கே அதில் ஏதோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. ஒரு தலைக்குத் தனி உறை, தனிப் பக்கம், கூடவே ஒரு மடித்த காகிதம் என்றால் அந்தக் காகிதம் நிபுணர் சான்றிதழாக இருக்கலாம். அதை ஸ்டாம்பிலிருந்து பிரித்துவிட்டால் இரண்டுக்குமே மதிப்புக் குறையும்.

அவர் எதில் ஆழமாகப் போயிருக்கிறார் என்று கவனியுங்கள். உலக நாடுகள் எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடி வைத்திருந்தால் அது சிறுவயதில் தொடங்கிய பொதுத்தொகுப்பு; மதிப்பு பெரும்பாலும் மிதமாகவே இருக்கும். ஒரே நாடு, ஒரே பத்தாண்டு, ஒரே வடிவமைப்பில் முப்பது பிரதிகள் என்று இருந்தால் உஷாராகுங்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு முப்பதும் ஒன்றுபோலத் தெரியும். "ஒரே ஸ்டாம்ப் எதற்கு இத்தனை?" என்று இருபத்தொன்பதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

வேண்டிய சாமான்கள்

பெரிய செலவு இல்லை. முனை தட்டையாக, கூர்மையில்லாமல் இருக்கும் ஸ்டாம்ப் இடுக்கி. புருவம் திருத்தும் இடுக்கி கூடாது, அது காகிதத்தைக் குத்தும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ஸ்டாம்பின் ஓரத்துத் துளைகளை எண்ணும் அளவுகோல். வாட்டர்மார்க் (காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் உருவம்) பார்க்கச் சிறிய கறுப்புத் தட்டு. ஸ்டாம்புகளைச் செருகிவைக்கும் பட்டைகள் கொண்ட ஒரு ஸ்டாக் புக். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளை வாங்காதீர்கள், நாள்பட அவை அச்சு மையைக் கெடுக்கும். விரலால் தொடுவதைத் தவிருங்கள், விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் பின்பசையில் பதியும்.

குவியலாகப் பிரிப்பது

ஆல்பத்தைக் கலைக்காமல், தாள் துண்டில் குறித்துக்கொண்டே இந்தப் பிரிவுகளைச் செய்யலாம். தளர்வாகக் கிடப்பவற்றை மட்டும் கையில் எடுங்கள்.

முதலில் உறைகளும் அஞ்சலட்டைகளும். இவற்றை முழுசாகத் தனியே வையுங்கள். ஸ்டாம்ப் ஒட்டாத, மடித்து அரக்கு வைத்த பழங்கடிதங்களும் இதில் சேரும். தபால்தலை வருவதற்கு முந்தைய காலத்துக் கடிதங்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உறையில் பார்க்க வேண்டியது ஸ்டாம்ப் மட்டும் அல்ல: எங்கிருந்து எங்கே போனது, என்ன தேதி, எந்த வழி, எவ்வளவு கட்டணம், வழியில் யார் யார் முத்திரை குத்தினார்கள். 1911 பிப்ரவரி 18ஆம் தேதி அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஒரு சிறிய விமானம் கடிதங்களைச் சுமந்து பறந்தது. உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். அந்த உறைகளில் ஒட்டியிருப்பது சாதாரண ஸ்டாம்ப். அவற்றைத் தேட வைப்பது அந்தப் பயணத்துக்கென்றே செய்த சிறப்பு முத்திரை. நீரில் ஊறவைத்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, பயன்படுத்தாதவை, முத்திரை குத்தியவை என்று இரண்டு. பயன்படுத்தாதவற்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பசை முழுசாக, எதுவும் ஒட்டிய சுவடே இல்லாமல் இருக்கிறதா, ஹிஞ்ச் எனப்படும் மெல்லிய காகிதத் துண்டு ஒட்டிய தடம் இருக்கிறதா, பசையே இல்லையா என்று குறியுங்கள். இருபதாம் நூற்றாண்டு ஸ்டாம்புகளில் இந்த ஒரே வித்தியாசம் விலையைப் பாதியாக்கலாம், அதற்கும் கீழே கொண்டுபோகலாம். ஹிஞ்சைப் பிடுங்கினால் தடம் போகாது, காகிதத்தின் ஒரு படலமும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே விடுங்கள்.

தபால்தலை போலவே இருந்து தபால்தலை அல்லாதவையும் வரும். பத்திரங்களில் ஒட்டிய வருவாய் வில்லைகள், நன்கொடைச் சீட்டுகள், கண்காட்சி லேபிள்கள். தூக்கி எறியாதீர்கள். வருவாய் வில்லைகளை மட்டுமே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எந்த நாடு என்று கண்டுபிடிப்பது

நாட்டின் பெயரே இல்லாமல் ஓர் அரசரின் தலையோ அரசியின் தலையோ மட்டும் இருந்தால் பிரிட்டன். உலகிலேயே முதலில் ஸ்டாம்ப் வெளியிட்டது அவர்கள் என்பதால் பெயர் போடாமல் இருக்கும் வழக்கம் இன்றுவரை நீடிக்கிறது. மற்றவர்கள் தங்கள் மொழியில் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரில் இருப்பார்கள். ஹெல்வேஷியா என்றால் ஸ்விட்சர்லாந்து. சுவோமி பின்லாந்து, மாக்யார் என்று தொடங்குவது ஹங்கேரி, ஸ்வெரிகே ஸ்வீடன், நோர்கே நார்வே, ஈஸ்டி எஸ்டோனியா, ஹ்ர்வாட்ஸ்கா குரோஷியா, ஓஸ்டர்ரைக் ஆஸ்திரியா. தலைகீழ் ஆங்கிலம் போலத் தெரியும் எழுத்து ரஷ்யா அல்லது பல்கேரியா பக்கம். கிரேக்க எழுத்தில் எல்லாஸ் என்று இருந்தால் கிரீஸ்.

மேலச்சைக் கவனியுங்கள். அச்சான ஸ்டாம்பின்மேல் வேறொரு பெயரோ புதிய விலையோ கறுப்பில் குத்தியிருந்தால், அது போர், ஆக்கிரமிப்பு, புது அரசு, தட்டுப்பாடு இவற்றில் ஏதோ ஒன்றின் சாட்சி. மேலச்சு வந்ததாலேயே பத்து மடங்கு விலைபோகும் ஸ்டாம்புகள் உண்டு. மேலச்சைப் போலியாகக் குத்துவது சுலபம் என்பதால் ஏமாற்று வேலையும் அங்கேதான் அதிகம்.

ஒரே முகம், வேறு வேறு ஸ்டாம்ப்

அடையாளம் காண்பதில் ருசியான இடம் இது. 1840 மே 6ஆம் தேதி புழக்கத்துக்கு வந்த, உலகின் முதல் ஸ்டாம்பான பிரிட்டனின் பென்னி பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டில் 240 ஸ்டாம்ப்; ஒரு பவுண்டுக்கு அப்போது 240 பென்னி என்பதால் ஒரு ஷீட் சரியாக ஒரு பவுண்டு. குறுக்கே 12, நெடுக்கே 20 வரிசை. ஒவ்வொரு ஸ்டாம்பின் கீழ் மூலைகளிலும் ஒவ்வோர் எழுத்து. இடப்பக்கம் வரிசை, வலப்பக்கம் வரிசைக்குள் இடம். கையில் இருக்கும் ஒற்றை ஸ்டாம்ப் ஷீட்டின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று 180 ஆண்டுகள் கழித்தும் சொல்லிவிடலாம்.

கறுப்பில் குத்திய சிவப்பு முத்திரையை அழித்துவிட்டு மறுபடியும் ஒட்டினார்கள் என்பதால், 1841இல் நிறத்தைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். அந்த ஒரு பென்னிச் சிவப்பு பல பத்தாண்டுகள் ஓடியது. ஆரம்பத்தில் துளையே இல்லை, கத்தரிக்கோலால் வெட்டினார்கள். 1854இல் துளை வந்தது. 1864 முதல் நான்கு மூலைகளிலும் எழுத்து வந்தது, கூடவே தட்டு எண்ணும், அதாவது எந்த அச்சுத் தகட்டில் அச்சானது என்று காட்டும் எண்ணும். லென்ஸை எடுத்து ஸ்டாம்பின் இட, வலப் பக்கங்களில் இருக்கும் வலைக் கோலத்தைப் பாருங்கள். கொடிபோல வளைந்து போகும் கோடுகளுக்கு நடுவே, ஊசிமுனை அளவில், 71இலிருந்து 225 வரைக்கும் ஏதோ ஓர் எண் ஒளிந்திருக்கும். ஏறக்குறைய எல்லா எண்ணும் மலிவு. 77ஆம் தட்டு சரிவராது என்று ஒதுக்கப்பட்டது. ஆனாலும் அதிலிருந்து சில ஸ்டாம்புகள் வெளியே வந்துவிட்டன. விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் இதுவரை கிடைத்திருக்கின்றன, அவை பெரும் செல்வம். 73ஐ 77 ஆகத் திருத்தி விற்றவர்களும் உண்டு என்பதால், அந்த எண்ணைப் பார்த்தவுடன் துள்ளாமல் இரண்டு பக்கத்து எண்ணையும் நிதானமாக ஒப்பிடுங்கள்.

துளை அளவு என்பது இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்ற கணக்கு. அளவுகோலில் ஸ்டாம்பை வைத்து நகர்த்துங்கள். எந்த வரிசையில் பற்களும் புள்ளிகளும் கச்சிதமாகப் பொருந்துகிறதோ அதுதான் எண். மேல்பக்கம் ஓர் அளவும் பக்கவாட்டில் வேறோர் அளவும் இருந்தால் மேல்பக்கத்தை முதலில் எழுதுவது வழக்கம். அமெரிக்காவில் 1908இலிருந்து 1922 வரை வந்த வாஷிங்டன், பிராங்க்ளின் தலைகள் இதற்கு நல்ல பாடம். பச்சை ஒரு சென்ட், சிவப்பு இரண்டு சென்ட் என்று பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். துளை 12ஆ, 10ஆ, 11ஆ. வாட்டர்மார்க் இரட்டைக் கோடா, ஒற்றைக் கோடா, இல்லவே இல்லையா. தட்டையான தகட்டில் அச்சா, சுழலும் தகட்டிலா, ஆஃப்செட்டா என்று பிரிந்து பிரிந்து, ஒன்று சில்லறைக் காசுக்கும் அதன் உடன்பிறப்பு ஆயிரக்கணக்கான டாலருக்கும் போகிறது.

வாட்டர்மார்க் பார்க்க ஸ்டாம்பைக் கவிழ்த்துக் கறுப்புத் தட்டில் வைத்து, அதற்கென்றே விற்கும் திரவத்தில் ஓரிரு சொட்டு விடுங்கள். காகிதம் கண்ணாடிபோல் ஆகி, கிரீடமோ எழுத்தோ கறுப்பாகத் தெரிந்து, சில நொடிகளில் மறையும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. சில வகை மைகள் இந்தத் திரவத்தில் கரையும் என்பதால் மலிவான ஒன்றில் சோதித்துவிட்டுத் தொடருங்கள். தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை. 1883இல் பிரிட்டன் ஊதாவிலும் பச்சையிலும் வெளியிட்ட ஸ்டாம்புகள், யாரும் முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டக்கூடாது என்பதற்காகவே கரையும் மையில் அச்சானவை. சுத்தப்படுத்துகிறேன் என்று நனைத்தால் வெளிறிப்போன காகிதம்தான் கையில் நிற்கும்.

நிலை

ஒரே ஸ்டாம்ப் நூறுக்கும் போகும், ஒன்றுக்கும் போகும். இடையில் இருப்பது நிலை மட்டுமே.

படம் நான்கு ஓரத்துக்கும் நடுவில் இருக்கிறதா? துளை படத்தைத் தின்றிருக்கிறதா? துளையில்லாத காலத்து ஸ்டாம்ப் என்றால் நான்கு பக்கமும் வெள்ளை விளிம்பு இருக்கிறதா? பற்களில் ஏதாவது உடைந்திருக்கிறதா? கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மடிப்பு மெல்லிய கோடாகத் தெரியும். காகிதம் உரிந்து மெலிந்த இடம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். முன்பக்கம் கிளி மாதிரி இருந்தாலும் பின்னால் மெலிந்திருந்தால் விலை சரிந்துவிடும். பழுப்புப் புள்ளிகள், சேகரிப்பவர்கள் துரு என்று சொல்வது, ஈரத்தில் வரும் பூஞ்சை. பக்கத்தில் இருப்பதற்கும் பரவும் என்பதால் அவற்றை மட்டும் உடனே தனியே எடுத்து வையுங்கள். முத்திரை முகத்தை மூடியிருந்தால் குறைவு. ஊரும் தேதியும் படிக்கும்படி வட்டமாக விழுந்திருந்தால் கூடுதல்.

ஒரு சங்கதி மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டாம்ப் ஒன்று புத்தம்புதுப் பசையோடு இருந்தால் மகிழ்வதற்கு முன் துளைப் பற்களின் நுனியை லென்ஸில் பாருங்கள். அசல் ஸ்டாம்பில் பசை பூசிய பிறகுதான் துளையிட்டார்கள். பற்களின் நுனி பஞ்சுபோல மென்மையாக இருக்கும். பின்னாளில் யாராவது பசை பூசியிருந்தால் அது நுனிக்குள் கசிந்து, பற்கள் விறைத்து, ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

பழையது என்றால் அரிது என்று அர்த்தமில்லை

பென்னி பிளாக் 6.8 கோடிக்கும் மேல் அச்சானது. உலகின் முதல் ஸ்டாம்ப், ஆனால் அரிதே அல்ல. விளிம்பு வெட்டுப்பட்ட பிரதி சாதாரண வருமானக்காரர்களும் வாங்கும் விலைக்கே கிடைக்கும். விலையைத் தீர்மானிப்பது எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான்.

சில வகைகள் பார்க்க அழகாக இருந்தும் ஏமாற்றம் தருபவை. 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் வளைகுடா எமிரேட்டுகளான அஜ்மான், ஷார்ஜா, புஜைரா, உம் அல் குவைன் பெயர்களில் குவிந்த பளபளப்பான ஸ்டாம்புகள். மூலையில் சுத்தமாக ஒரு கால்வட்ட முத்திரை, திருப்பினால் பசை அப்படியே: கடிதத்தில் ஒட்டாமலே சேகரிப்பவர்களுக்காக முத்திரையோடு விற்றவை இவை. 1890களில் அச்சு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த சீபெக் என்பவர் ஈக்வடார், எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா நாடுகளுக்கு ஆண்டுதோறும் புதிது அச்சிட்டுக் கொடுத்து, மீதியையும் மறு அச்சையும் சேகரிப்பவர்களுக்கு விற்றார். பழைய ஆல்பங்கள் எல்லாவற்றிலும் அவை இருக்கும். அஞ்சலகக் கவுன்ட்டரில் வாங்கிச் சேர்த்த முதல் நாள் உறைகளும் (ஸ்டாம்ப் வெளியான அன்றே ஒட்டி முத்திரை குத்தியவை) பெரும்பாலும் வாங்கிய விலைகூடத் தராது. பயன்படுத்தாத அண்மைக் கால ஸ்டாம்புகள் முகமதிப்பைத் தாண்டுவது அபூர்வம். அவை இன்னும் செல்லுமா என்பதையும் விசாரியுங்கள். பிரிட்டனில் பார்கோடு இல்லாத சாதாரணத் தொடர் ஸ்டாம்புகள் 2023 ஜூலை 31க்குப் பிறகு செல்லாது. படம் போட்ட சிறப்பு வெளியீடுகள் செல்லும்.

தலைகீழான கணக்கும் உண்டு. 1923இல் ஜெர்மனியில் பணவீக்கம் பேயாட்டம் ஆடியபோது ஸ்டாம்பின் விலை 5,000 கோடி மார்க் வரை போனது. பயன்படுத்தாதவை மூட்டை மூட்டையாக மிஞ்சின, இன்றும் மலிவு. உண்மையாகவே அந்த வாரங்களில் தபாலில் போய் முத்திரை வாங்கியவற்றில் சில பலமடங்கு விலை. அதனால் போலி முத்திரைகளும் ஏராளம்.

புதியதில் எதுவும் இருக்காது என்றும் முடிவுகட்ட வேண்டாம். 1980இல் சீனா வெளியிட்ட எட்டு ஃபென் சிவப்புக் குரங்கு ஸ்டாம்ப் இன்று தேடித் தேடி வாங்கப்படுகிறது. 1968இன் கலாசாரப் புரட்சிக்கால வெளியீடுகளும் அப்படியே.

குடும்பக் காகிதங்களில் புதையல் கிடைப்பது கதையில் மட்டும்தானா என்று கேட்பார்கள். கிடைத்திருக்கிறது. 1856இல் பிரிட்டிஷ் கயானாவில் அவசரத்துக்கு உள்ளூரில் அச்சடித்த ஒரு சென்ட் மெஜந்தா ஸ்டாம்பை 1873இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பழைய காகிதங்களில் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014 ஏலத்தில் அது 95 லட்சம் டாலருக்குச் சற்றே குறைவாகப் போனது. பச்சையில் வந்திருக்க வேண்டிய ஸ்வீடனின் 1855ஆம் ஆண்டு மூன்று ஸ்கில்லிங் ஸ்டாம்ப் மஞ்சளில் அச்சான ஒரே பிரதியும், பாட்டி வீட்டுப் பழைய தபால்களில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கண்ணில் பட்டதுதான். அவனுக்குக் கிடைத்தது ஏழு குரோனர். இரண்டு பையன்களுமே கிடைத்த முதல் விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

போலிகள்

பழைய உலக ஆல்பம் எதுவும் போலி இல்லாமல் இருக்காது. அதற்காகச் சேர்த்தவர்மேல் சந்தேகம் கொள்ள வேண்டாம். ஜெனிவாவில் ஃபோர்னியே என்பவர் வெளிப்படையாகவே நகல்கள் தயாரித்து விற்றார், வாங்க முடியாத இடங்களை நிரப்ப மக்களும் வாங்கினார்கள். ஜான் டி ஸ்பெராட்டி செய்தவை நிபுணர்களையே ஏமாற்றின. கடைசியில் 1954இல் அவருடைய கையிருப்பை ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் சங்கமே வாங்கிப் புழக்கத்திலிருந்து எடுத்தது. இன்று ஸ்பெராட்டியின் போலிக்கே தனி விலை இருக்கிறது.

லென்ஸில் பார்க்கும்போது அச்சு முறையைக் கவனியுங்கள். செதுக்கித் தகட்டில் அச்சடித்ததில் மை காகிதத்துக்கு மேல் மேடாக நிற்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். அதே வடிவம் தட்டையாக, மழுங்கலாக, புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் நகல். 1948இல் ஸ்விட்சர்லாந்தில் அச்சான காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்பின் போலிகளைப் பிடிப்பதற்கும் அச்சு முறைதான் உதவுகிறது: அசல், போட்டோகிராவூர் என்ற வேறொரு முறையில் அச்சானது.

மதிப்புள்ளதாகத் தோன்றும் எதற்கும் உங்கள் கண்ணையோ என் கண்ணையோ நம்ப வேண்டாம். லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894 முதல் சான்றிதழ் தருகிறது. நியூயார்க்கில் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் 1945 முதல். கட்டணம் உண்டு, மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே சான்றிதழ்ச் செலவைப்போலப் பல மடங்கு பெறுமானம் இருக்கும் என்று தோன்றுபவற்றை மட்டும் அனுப்புங்கள்.

கேட்டலாக் விலையும் கைக்கு வரும் விலையும்

பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் ஸ்டான்லி கிப்பன்ஸ், அமெரிக்காவில் ஸ்காட், ஜெர்மனியில் மிஷேல், பிரான்சில் இவேர். ஒரே ஸ்டாம்புக்கு நான்கிலும் நான்கு எண் இருக்கும். ஆகவே எண்ணை எழுதும்போது எந்தக் கேட்டலாக், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். பெரிய நூலகங்களில் பழைய பதிப்புகள் இருக்கும். அடையாளம் காண்பதற்குப் பழையது போதும். விலைக்கு மட்டும் புதியது வேண்டும்.

அதில் அச்சாகியிருக்கும் விலை உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலை அல்ல. குறையில்லாத பிரதியை வியாபாரி விற்கும் விலையை ஒட்டிய எண் அது. கேட்டலாக்கின் மிகக் குறைந்த விலை என்பது, கடைக்காரர் அந்த ஒற்றை ஸ்டாம்பைத் தேடி எடுத்துக் கவரில் போட்டுக் கொடுக்கிற வேலைக்கான கூலி. அப்படிப்பட்டவை மூவாயிரம் இருந்தால் மூவாயிரத்தால் பெருக்கிக் கனவு காணாதீர்கள். மொத்தமாக எடை போட்டு வாங்குவார்கள்.

நடப்பு விலை தெரிய, ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் ஒரு லட்சம் கேட்கிறார் என்பது அவருடைய ஆசை மட்டுமே. விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடினால் உண்மை தெரியும். பொருத்தும்போது அதே துளை, அதே வாட்டர்மார்க், அதே நிலை என்று மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

எதற்காக மதிப்பிடுகிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு என்றால் திரும்ப வாங்க ஆகும் விலை. உடன்பிறந்தவர்களுக்குள் பங்கு பிரிப்பதற்கோ வாரிசுக் கணக்குக்கோ என்றால் பொதுச்சந்தையில் இன்று விற்றால் வரும் விலை. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கிய எண்ணை மற்றொன்றுக்குப் பயன்படுத்தி அண்ணன் தம்பி மனஸ்தாபம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விற்பதென்றால்

வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் அன்றே பணம், விலை குறைவு. ஏலத்தில் நல்ல பொருளுக்கு நல்ல விலை. கமிஷன், படம் எடுக்கும் கட்டணம், காத்திருப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களே ஒன்றொன்றாக விற்றால் அதிகம் வரலாம், ஆனால் அது ஒரு வேலை. எந்த வழியாக இருந்தாலும் முதலில் ஒரு நாள் ஒரு சேகரிப்பாளர் சங்கத்தில் போய் உட்காருங்கள். பெரியப்பாவின் மீதி உறைகள் என்னவென்று எனக்குச் சொன்னது, அப்படியொரு சங்கத்தில் போர்த் தபால் மட்டுமே சேர்க்கிற ஒரு முதியவர். ஒரு பைசா வாங்கவில்லை.

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மதிப்பீட்டுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தான் வாங்கப்போவதில்லை என்று சொல்பவரின் பேச்சுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். "இந்த ஒரு ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்பவரிடம் ஏன் அந்த ஆல்பம் என்று கேளுங்கள். நல்லதை ஒருவர் எடுத்துவிட்டால் மிச்சத்தை யாரும் தொடமாட்டார்கள். ஒப்படைக்கும்போது பக்க எண்ணிக்கையோடு ரசீது வாங்குங்கள், முதல் வாரம் எடுத்த படங்கள் இப்போது உதவும்.

வைத்துக்கொள்வதென்றால் வேலை சுலபம். ஈரமில்லாத அறை, நிறுத்தி வைத்த ஆல்பம், ஆண்டுக்கு இரண்டு முறை பக்கங்களைத் திருப்பிக் காற்றோட்டம். கண்டுபிடித்ததை எல்லாம் பென்சிலால், ஸ்டாம்புக்குப் பக்கத்தில் அல்லாமல் பக்கத்தின் அடியில், கேட்டலாக் எண்ணோடு எழுதிவையுங்கள். பெரியப்பாவின் நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள் இருந்தன. மிஞ்சிய பதினோரு உறைகளின் விவரத்தை அதில்தான் எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்ளே வைத்திருக்கிறேன்.